வேலை பார்த்த நாய்க்கு ஒரு வீடு வேண்டும்

(பண்ணை வானொலி உரை)



"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று ஒரு பழமொழி சொல்வோம். தெருவில் சும்மா திரிகிற நாயைப் பார்த்துச் சொன்ன பழமொழி அது. வேலை பார்க்கிற நாய்களும் நம்மிடம் நிறைய உண்டு. கிடைக்குக் காவல் இருக்கிற நாய், தென்னந்தோப்பிலும் வாழைக்கொல்லையிலும் இரவெல்லாம் விழித்திருக்கிற நாய், போலீஸிலும் ரயில்வேயிலும் மோப்பம் பிடிக்கிற நாய், இவையெல்லாம் ஏழெட்டு வருஷம் மனிதனுக்காக உழைத்தவை. வயதாகி வேலை முடிந்ததும் இவை எங்கே போகின்றன? இந்த உரையில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

திருவானைக்காவல் என்றாலே நமக்கு யானை நினைவு வரும். ஊர்ப் பெயரிலேயே ஆனை இருக்கிறது. தனியாரிடமிருந்து மீட்கப்பட்ட யானைகளை வைத்துப் பராமரிக்க, நம்ம திருச்சி மாவட்டத்திலேயே எம்.ஆர்.பாளையம் காப்புக்காட்டில் வனத்துறை ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. உழைத்துத் தேய்ந்த யானைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. நாய்க்கு அப்படி ஒரு மையம் தேவையில்லை. ஒரு திண்ணை, ஒரு கொட்டகை, இரண்டு வேளைச் சோறு, கவனிக்க ஒரு மனிதர் இருந்தால் போதும். அது கிராமத்தில் இருக்கிறவர்களால் முடியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேண்டாத நாயைக் கொள்ளிடம் மணலிலோ, பஸ் நிறுத்தத்திலோ, சந்தையிலோ விட்டுவிட்டு வருவது பாவம் மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. பசியாலும் தாகத்தாலும் வதைபடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. அப்படி விட்ட நாய் அங்கே சும்மா இருக்காது. உள்ளூர் நாய்களோடு சண்டை போடும், காயம் படும், பசியில் ஆட்டுக்குட்டியையும் கோழியையும் பிடிக்கும், வெறிநாய் கடித்தால் வெறிநோயையும் வாங்கிக்கொள்ளும். நாம் கைகழுவிய தொல்லை பக்கத்து ஊர்க் குழந்தையின் காலைக் கடிக்கும்.

வெளியிடங்களில் என்ன செய்கிறார்கள்?

வேலை முடிந்த நாயை என்ன செய்வது என்ற கேள்வி உலகம் முழுவதும் எழுந்த கேள்விதான். வியட்நாம் போருக்கு அமெரிக்கா ஆயிரக்கணக்கான நாய்களைக் கொண்டுபோனது. திரும்பி வந்தவை மிகக் குறைவு. பல வருஷம் கழித்து, 2000-ஆம் ஆண்டில்தான், ஓய்வுபெற்ற ராணுவ நாய்களைப் பொதுமக்கள் எடுத்து வளர்க்கலாம் என்று அங்கே சட்டம் வந்தது. ராபி என்ற ஒரு நாயின் பெயரால் அதை ராபி சட்டம் என்பார்கள்.

நம்ம நாட்டு ராணுவ நாய்களுக்கு மீரட்டில் 1960 முதல் பயிற்சி கொடுக்கிறார்கள். வேலைக்கு ஆகாது என்று ஆன நாய்களை ஊசி போட்டு முடித்துவிடுகிற வழக்கம் நெடுநாள் இருந்தது. 2015-ல் இது டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. இந்த வழக்கத்தை மாற்றக் கொள்கை வகுப்பதாக மத்திய அரசு அப்போது சொன்னது. 2019 நவம்பரில் டெல்லி மெட்ரோ ரயிலில் வேலை பார்த்த ஏழு நாய்களுக்கு, மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பதக்கமும் சான்றிதழும் கொடுத்து, விழா எடுத்து வழியனுப்பினார்கள். அந்த நாய்கள் ஒரு தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டன.

நியூசிலாந்து, ஆட்டுப் பண்ணைகள் நிறைந்த நாடு. அங்கே குரைத்தே மந்தையை ஓட்டுகிற நாய் ஒரு இனம், சத்தம் போடாமல் கண்ணால் முறைத்தே ஆட்டைத் திருப்புகிற நாய் இன்னொரு இனம். வயதாகி மலையேற முடியாமல் போன இந்த நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கவே அங்கே தொண்டர்கள் இருக்கிறார்கள். பண்ணையிலேயே பிறந்து, வீட்டுக்குள் காலே வைக்காத நாய்கூட, பொறுமையாகப் பழக்கினால் வீட்டு நாயாக மாறிவிடுகிறது என்பதுதான் அவர்கள் அனுபவம்.

நம்ம பக்கத்து நிலவரம்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் மந்தையோடு நம்ம காவிரிப் பாசனப் பகுதிக்கு வருகிறார்கள். வயலில் கிடை போடுகிறார்கள். கிடையோடு நாலைந்து நாய்களும் வரும். அவை பெரும்பாலும் நாட்டு நாய்கள். நரி, திருட்டு, பிற நாய்கள் எல்லாவற்றிலிருந்தும் குட்டிகளைக் காப்பாற்றுவது அவற்றின் வேலை. கீதாரி நாள் ஒன்றுக்குப் பல மைல் நடப்பவர். எட்டு வயது தாண்டி, பின்னங்கால் வலிக்கிற நாயால் அந்த நடை நடக்க முடியாது. மந்தையை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு டவுனில் போய் இருக்கிற கீதாரிகளுக்கும் நாயை என்ன செய்வது என்று தெரிவதில்லை.

நகரப் பக்கம் மோப்ப நாய்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி வந்தால் கோயிலைச் சுற்றிச் சோதனை போடுகிற போலீஸ் நாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவையும் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும். அவற்றைக் கவனித்துக்கொண்ட காவலரே விரும்பி எடுத்துக்கொள்வது பல இடங்களில் உண்டு. ஆனால் குவார்ட்டர்ஸில் இடமில்லாமல், மாற்றலாகிப் போகிற காவலர் என்ன செய்வார்? அப்போது வெளியாள் வேண்டியிருக்கிறது. எல்லாப் படைக்கும் ஒரே விதி இல்லை. விருப்பம் உள்ளவர்கள் மாவட்டக் காவல் அலுவலகத்தில் நேரில் போய், எழுத்து மூலம் கேட்க வேண்டும். விற்க மாட்டேன், இனப்பெருக்கத்துக்கு விட மாட்டேன், வேலை வாங்க மாட்டேன் என்று எழுதிக் கேட்டால் தயங்காமல் எழுதிக் கொடுங்கள். அது நியாயமான நிபந்தனைதான்.

எந்த நாய் யாருக்குப் பொருந்தும்?

விதை வாங்கும்போது மண்ணைப் பார்த்து வாங்குகிறோம் இல்லையா? நாயும் அப்படித்தான். அது பழகிய வேலையைத் தெரிந்துகொண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிடை நாய்: ஆடுகளோடே பிறந்து வளர்ந்தது. ஆட்டுக் கொட்டில், மாட்டுப் பண்ணை உள்ள வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். ஆடுமாட்டின் மணம் இருந்தாலே அதற்கு நிம்மதி வந்துவிடும். டவுனில் மாடி வீட்டில் கொண்டுபோய்க் கட்டினால் இரவெல்லாம் ஊளையிடும்.

மோப்ப நாய்: பெரும்பாலும் லாப்ரடார் இனம். வெடிமருந்து கண்டுபிடிக்கப் பழகிய நாய் பொருளைத் தொடாது, அதன் எதிரே அமைதியாக உட்கார்ந்து காட்டும். அப்படிப்பட்ட சாந்தமான நாய் மனிதத் துணையோடே இருந்து பழகியது. ஆள் நடமாட்டம் உள்ள வீடுதான் அதற்கு ஏற்றது. தோப்பில் தனியாகக் கட்டிப்போட்டால் சாப்பிடாமல் சோர்ந்துவிடும். திருடனைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள்.

தாக்கப் பழகிய காவல் நாய்: அல்சேஷன், டாபர்மேன் போன்றவை. சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பாயும்படி பழக்கப்பட்டவை இவை. கை தூக்கினாலோ, குழந்தை ஓடினாலோ பழைய பழக்கம் திடீரென்று தலைதூக்கலாம். சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். நாய் வளர்த்து நீண்ட அனுபவம் உள்ளவர்கள், சுற்றுச்சுவர் உள்ள இடத்தில்தான் எடுக்கலாம்.

வேட்டை இனங்கள்: கன்னி, சிப்பிப்பாறை போன்றவை. வயதானாலும் ஓடுகிற எதையும் துரத்தும் புத்தி போகாது. கோழி வளர்க்கிறவர்கள் யோசித்து எடுங்கள். இந்த நாயை வைத்து முயல் பிடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நம்ம நாட்டு இனங்களை இளக்காரமாக எண்ண வேண்டாம். ராஜபாளையம் நாயின் படத்தைப் போட்டு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. நம்ம வெயிலுக்குப் பழகிய உடம்பு அவற்றுக்கு உண்டு. வயதான காலத்தில் அதுவும் ஒரு வசதி.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

பழைய எஜமானரிடம் ஐந்து விஷயம் கேளுங்கள். ஒன்று, வயது. இரண்டு, தடுப்பூசி அட்டை. மூன்று, யாரையாவது கடித்ததுண்டா? நான்கு, என்ன சாப்பிட்டுப் பழகியது? ஐந்து, எந்தச் சொல்லுக்குக் கட்டுப்படும்? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. நாய்க்கு மொழி தெரியாது, பழகிய சத்தம்தான் தெரியும். இந்தியில் 'பைட்டோ' என்று கேட்டு உட்காரப் பழகிய நாயிடம் 'உட்காரு, உட்காரு' என்று நாள் முழுக்கக் கத்தினாலும் அது விழிக்கும். நாம் அதைத் திமிர் என்று நினைத்து அடிப்போம். பத்துப் பன்னிரண்டு சொற்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் இந்தச் சங்கடம் வராது. அது படுத்த சாக்கு, சாப்பிட்ட தட்டு இவற்றையும் கேட்டு வாங்குங்கள். பழைய மணம் பக்கத்தில் இருந்தால் புது இடம் சீக்கிரம் பழகும்.

பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல், கண், காது, இடுப்பு, பின்னங்கால், இதயம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் கண்புரையாக இருக்கலாம். வாயில் கெட்ட வாடை அடித்தால் பல்லில் சீழ் இருக்கலாம். படுத்து எழுந்திருக்கும்போது தடுமாறினால் மூட்டுத் தேய்வு. இவை இருந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. என்ன செலவு, என்ன வேலை என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டு எடுங்கள் என்கிறேன்.

தடுப்பூசியும் குடற்புழுவும்

அட்டை இல்லாத நாய்க்கு வந்த உடனே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு வருஷம் தவறாமல் போட வேண்டும். ஜூலை 6-ஆம் தேதி விலங்குவழி நோய்கள் தினத்தையும், செப்டம்பர் 28-ஆம் தேதி வெறிநோய் தினத்தையும் ஒட்டி, கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடப்பதுண்டு. விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வயலில் எலி அதிகம் என்பதால், எலிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியும் அவசியம்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சொன்ன நாட்களில் ஊசியை முழுக்கப் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வந்து அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை.

ஆடு வளர்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடை நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு இருக்கும். அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும். அதை மேய்கிற ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாகும். இன்னொரு வகைப் புழுவால் ஆட்டின் மூளையில் கட்டி வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். முதல் வகைப் புழுவின் முட்டை நம்ம கையில் ஒட்டி வாய்க்குப் போனால் மனிதருக்கும் ஈரலில் நீர்க்கட்டி வரும், அறுவைச் சிகிச்சை வரை போகும்.

இதைத் தடுக்க இரண்டே வழி. ஆடு அறுத்த இடத்தில் பச்சை ஈரல், நுரையீரல், தலை எதையும் நாய்க்குப் போடக் கூடாது. நாடாப்புழு மருந்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். ஆட்டோடு இருக்கிற நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் புழு முட்டை போடும் முன்பே போய்விடும். நியூசிலாந்துக்காரர்கள் இந்த இரண்டையும் பல வருஷம் விடாமல் கடைப்பிடித்து, 2002-ல் நீர்க்கட்டி நோய் தங்கள் நாட்டில் இல்லை என்று அறிவிக்கிற நிலைக்கு வந்தார்கள். மாட்டுத் தீவனத்தில் நாய் மலம் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வகைக் கருச்சிதைவு அதனால் வருகிறது.

தீனி

கிழட்டு நாய் ஓடியாடாது. இளவயதில் போட்டதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போடலாம். ஒரே வேளையாகப் போடாமல் காலையும் மாலையும் பிரித்துப் போடுங்கள். மிச்சமான தயிர்ச்சோறு மட்டும் போட்டால் சதை வற்றிவிடும். குழைந்த சோறு அல்லது கேழ்வரகுக் களியோடு, அவித்த முட்டை அல்லது எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, கொஞ்சம் பூசணிக்காய் சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகாது. வெந்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

25 கிலோ எடையுள்ள நாய் நாளைக்குச் சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் கூடும். இரண்டரை லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாயாக இருந்து, வயிறும் ஊதி, சீழும் வடிந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண் வந்து ரத்தமாகப் போகும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். மாட்டுக்கு வைத்திருக்கிற உண்ணி மருந்தையும் அளவு தெரியாமல் தடவாதீர்கள்.

புது இடத்தில் பழக்குவது

முதல் மூன்று நாள் அது சரியாகச் சாப்பிடாது, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தொந்தரவு செய்யாமல் விடுங்கள். குறைந்தது மூன்று வாரம் கயிற்றில் பிடித்தே வெளியே கூட்டிப்போங்கள். அவிழ்த்துவிட்டால் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும். திருவானைக்காவல் பக்கம் இருப்பவர்களுக்கு ரயில் பாதையும் மெயின் ரோடும் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். முழுசாகப் பழக மூன்று மாசம் ஆகும். சோறு போடுவதும் கூப்பிடுவதும் முதலில் ஒரே ஆளாக இருக்கட்டும். வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டையும் வெளியிடத்தில் வைத்துப் பழக்கி, தனித்தனித் தட்டில் சோறு போடுங்கள்.

தோட்டத்தில் நான்கு ஆபத்துகளைக் கவனியுங்கள். கண் தெரியாத நாய் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழும். எலிக்கு வைத்த மருந்தும், வாழைக்குப் போடுகிற குருணை மருந்தும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. காட்டுப்பன்றிக்காகக் கரண்ட் கம்பி இழுப்பது சட்டவிரோதம், நாயையும் கொல்லும், நம்மையும் கொல்லும். வெயில் இன்னொரு ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கட்டினால் மாலைக்குள் செத்துவிடும். கீற்றுக் கொட்டகை, மர நிழல், ஈரச்சாக்கு, மெத்தென்று படுக்க வைக்கோல் வேண்டும். சிமென்ட் தரை மூட்டு வலியைக் கூட்டும்.

என்ன பலன்?

இவ்வளவு செய்து எனக்கு என்ன லாபம் என்று கேட்கிறீங்களா? நியாயமான கேள்விதான். பழகிய நாய் கண்டதற்கெல்லாம் குரைக்காது. புது ஆள் வந்தால் மட்டும் தெரியப்படுத்தும். குட்டி நாய் மாதிரி செருப்பைக் கடிக்காது, நாற்றைத் தோண்டாது. உங்களிடம் இளம் நாய் இருந்தால், கிழநாயைப் பார்த்தே ஆட்டோடு அனுசரித்துப் போகக் கற்றுக்கொள்ளும். பிள்ளைகள் வெளியூர் போய், தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு நல்ல துணை. ஆனால் கூலியில்லாத வாட்ச்மேன் கிடைத்தான் என்று எடுக்காதீர்கள். இரண்டு வருஷமோ நாலு வருஷமோதான் இருக்கும். மருத்துவச் செலவும் உண்டு. அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் எடுங்கள்.

நாயைக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கால் முடங்கும் வரை காத்திருக்காமல், ஏழு வயதிலேயே இடம் தேட ஆரம்பியுங்கள். கிடை போட்ட ஊரில் தெரிந்த விவசாயி ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நோயையும், கடித்த கதையையும் மறைக்காதீர்கள். இடம் சரிப்படவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியில் ஒரு நாள், எழுந்திருக்க முடியாமல், சாப்பிடாமல், வலியில் முனகுகிற நிலை வரலாம். அப்போது மருத்துவரைக் கலந்து, வலியில்லாமல் அதை முடித்துவைப்பது கொடுமை ஆகாது. பட்டினி போடுவதும், பாலிடால் வைப்பதும்தான் கொடுமை. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, நாலைந்து அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தையும், திருச்சியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தையும் அணுகலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

விவசாயப் பெருமக்களே, இந்த மாசம் உங்கள் பக்கத்தில் கிடை போட்டிருந்தால் கீதாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, நடக்க முடியாத நாய் ஏதாச்சும் இருக்கா?" இருக்கிறது என்பார். கொட்டிலில் ஒரு மூலை காலியாக இருந்தால், மேலே சொன்னவற்றை யோசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.